ஒரு விசில்... அப்படியே நிற்கணும்! - நாய்க்குட்டியின் உயிர் காக்கும் பாடம்

ஓசூர் பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்று கவனித்தால் போதும், விசிலின் இலக்கணம் புரிந்துவிடும். கண்டக்டர் ஒருமுறை ஊதினால் வண்டி நிற்கும். இரண்டு முறை ஊதினால் கிளம்பும். டிரைவர் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏன், எதற்கு என்று கேட்பதும் இல்லை. படிக்கட்டில் கால் வைத்திருக்கும் பாட்டியும், கைக்குழந்தையோடு இறங்கும் அம்மாவும் அந்த ஒற்றை விசிலை நம்பித்தான் இருக்கிறார்கள்.

இதே பாடத்தை ஒரு நாய்க்குட்டிக்கும் சொல்லிக் கொடுக்க முடியும். ஓசூர், கிருஷ்ணகிரி மாதிரியான ஊரில் நாய் வளர்ப்பவர்கள் அவசியம் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடமும் அதுதான். ஏன் என்பதற்கு ஒரு காட்சி.

நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பு. எட்டு மாத லேப்ரடார் குட்டி ஒன்று காலை நடைக்குக் கிளம்புகிறது. எதிர்ப்பக்கம் ஒரு தெருநாயைப் பார்த்ததும் துள்ளுகிறது. கையிலிருந்த லீஷ் நழுவிவிடுகிறது. அடுத்த நொடி குட்டி சாலையின் அந்தப் பக்கம். நல்லவேளை, வண்டி எதுவும் வரவில்லை. ஆனால், பதறிப்போனவர் அங்கிருந்தே கத்துகிறார்: "டேய், வாடா... இங்க வா!"

குட்டி சமர்த்து. கூப்பிட்டதும் ஓடி வருகிறது. இந்த முறை லாரி வருகிறது.

'கூப்பிட்டால் வர வேண்டும்' என்பதைத்தான் எல்லோரும் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்ல பாடம்தான். ஆனால், அந்த நொடியில் அந்தக் குட்டிக்குத் தேவைப்பட்டது 'வா' அல்ல, 'நில்'. இருந்த இடத்திலேயே அது உட்கார்ந்திருந்தால், நீங்கள் சாலையைக் கடந்து போய் லீஷைப் பிடித்திருக்கலாம். இதற்காகவே உருவான பாடம்தான் 'ஸ்டாப் விசில்'.

துப்பாக்கியோடு வந்த பாடம்

லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், காக்கர் ஸ்பேனியல் ஆகிய மூன்றுமே ஆங்கிலேயர்கள் 'கன் டாக்' என்று அழைக்கும் வகையைச் சேர்ந்தவை. அதாவது, துப்பாக்கியோடு பறவை வேட்டைக்குப் போகிறவருக்குத் துணையாகப் போகும் நாய்கள். இவற்றின் வேலை கொல்வது அல்ல. ஸ்பேனியல் புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பிவிடும். ரெட்ரீவர், சுடப்பட்டு விழுந்த பறவையைப் பல் படாமல் வாயில் கவ்விக் கொண்டுவந்து கையில் கொடுக்கும்.

பறவை கிளம்பியதும் நாய் அதன் பின்னாலேயே ஓடினால் என்ன ஆகும்? துப்பாக்கியின் குறிக்குள் நாயே போய் விழும். அதனால்தான், பறவை எழுந்த கணத்தில், அல்லது நீளமான ஒரு விசில் கேட்ட கணத்தில், நாய் இருந்த இடத்திலேயே உட்கார வேண்டும் என்ற விதி வந்தது. ஒரு நீண்ட விசில் என்றால் 'நில்'. தொடர்ந்து சின்னச் சின்னதாகப் பல விசில் என்றால் 'திரும்பி வா'. இன்றும் உலகம் முழுக்க கன் டாக் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் பின்பற்றும் முறை இதுதான்.

நின்றதோடு பாடம் முடிவதில்லை. உட்கார்ந்த நாய் தலையைத் திருப்பி எஜமானரின் முகத்தைப் பார்க்க வேண்டும். 'அடுத்து என்ன செய்ய?' என்று கேட்கிற பார்வை அது. அதற்குப் பிறகுதான் கையை இடப்பக்கமோ வலப்பக்கமோ நீட்டி, எங்கே தேட வேண்டும் என்று காட்டுவார்கள். ஐம்பது, நூறு மீட்டர் தூரத்தில் இருக்கும் நாய்க்கும் மனிதருக்கும் இடையே ஒரு பேச்சுவார்த்தையைத் தொடங்கி வைப்பதே அந்த விசில்தான்.

லேப்ரடாரின் பூர்வீகம் கனடாவின் நியூஃபவுண்ட்லேண்ட் தீவு. அங்கே மீனவர்களோடு படகில் போய், தண்ணீரில் நழுவும் மீனையும் வலையையும் எடுத்துக் கொடுத்த நாய்களின் வாரிசு அது. 19-ம் நூற்றாண்டில் பிரிட்டனுக்குக் கொண்டுபோய் வேட்டைத் துணையாக மாற்றினார்கள். 1903-ல் பிரிட்டனின் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. பல தலைமுறைகளாக, மனிதனின் முகத்தைப் பார்த்து வேலை செய்யும் குட்டிகளாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனம் என்பதால்தான், விசில் பாடம் அதற்குச் சீக்கிரம் பிடிபடுகிறது.

நம் ஊரில் இதற்கு என்ன வேலை?

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பொழுதுபோக்குக்கே இடமில்லை. அந்தச் சட்டத்தின் பார்வையில் வேட்டை என்பது கொல்வது மட்டும் அல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, அதற்காக விரட்டுவது, அதற்கு முயற்சி செய்வதுகூட வேட்டைதான். நாயைக் கூட்டிக்கொண்டு முயல் பிடிக்கப் போவது விளையாட்டு அல்ல, குற்றம்.

சட்டம் மாறிவிட்டது. நாயின் ரத்தத்தில் இருப்பது மாறவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த லேப்ரடாருக்கும், புறா சிறகடித்தால் காது நிமிரும். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் பக்கம் கொஞ்ச தூரம் போனாலே ராகிக் கொல்லைகள் வந்துவிடும். வரப்பில் மயில் மேயும். புதரில் முயல் பதுங்கியிருக்கும். மயில் தேசியப் பறவை. சட்டம் தரும் மிக உயர்ந்த பாதுகாப்பு அதற்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை நிலத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு போகும் குடும்பத்துக்கு, கதவைத் திறந்ததும் சிக்கல் காத்திருக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல், யானை. மழைக்காலம் முடிந்து ராகி முற்றும் நாள்களில், பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைகள் கூட்டமாக ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக வரும். சானமாவு காடு வரை வந்து தங்கும். மாநில எல்லைக் கோடு யானைக்குத் தெரியாது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. இந்தக் காடுகளின் ஓரத்தில் வாழ்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. யானையைப் பார்த்து நாய் குரைக்கும். யானை திரும்பினால் நாய் ஓடும். எங்கே ஓடும்? தன்னை வளர்த்தவரிடம்தான் ஓடி வரும், யானையையும் பின்னால் இழுத்துக்கொண்டு.

ஆக, ஒரு பக்கம் இரவும் பகலும் லாரிகள் ஓயாத 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. மறுபக்கம் யானையும் சிறுத்தையும் உலவும் காடு. நடுவில் சிப்காட் தொழிற்சாலைகளும் புதிது புதிதாக முளைக்கும் குடியிருப்புகளும். இந்தப் பகுதியில் வளரும் ஒரு குட்டிக்கு, 'நில்' என்றால் நிற்கத் தெரிந்திருப்பது அலங்கார வித்தை அல்ல.

நாலு மொழி, ஒரு விசில்

'வாயால் சொன்னால் போதாதா, எதற்கு விசில்?' என்ற கேள்வி வரும். ஓசூர்க்காரர்களுக்கு இதற்கான பதில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அப்பா 'உட்கார்' என்பார். பக்கத்து வீட்டுக்காரர் கன்னடத்தில் 'கூத்கோ' என்பார். காய்கறி கொண்டுவரும் அம்மா தெலுங்கில் 'கூர்ச்சோ' என்பார். குடியிருப்பின் காவலாளி இந்தியில் 'பைட்டோ' என்பார். பிள்ளைகள் 'சிட்' என்பார்கள். நாய்க்குட்டி யார் பேச்சைக் கேட்கும்? விசிலுக்குத் தமிழும் இல்லை, கன்னடமும் இல்லை. யார் ஊதினாலும் ஒரே சொல்.

இன்னொரு காரணம், ஷிஃப்ட். ஒரு வாரம் அப்பா காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் இரவு ஷிஃப்ட். நாயை நடத்திக் கூட்டிப்போவது ஒரு நாள் அப்பா, ஒரு நாள் அம்மா, லீவு நாளில் தாத்தா. மூன்று குரல், மூன்று தொனி. ஒரே மாதிரி இரண்டு விசில் வாங்கிவிட்டால், நாயைப் பொறுத்தவரை மூவரும் ஒருவரே.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. குரலில் நம் மனசு தெரிந்துவிடும். லாரியைப் பார்த்துப் பதறிக் கத்தும் 'நில்லு' வேறு. வீட்டு வாசலில் கொஞ்சிச் சொல்லும் 'நில்லு' வேறு. கொஞ்சலில் பழகிய நாய்க்கு அலறல் புரியாது. சில நேரம் பயந்து இன்னும் வேகமாக ஓடும். விசிலில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. முதல் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்ட அதே சத்தம், ஆபத்து நேரத்திலும் அப்படியே கேட்கும்.

எந்த விசில் வாங்குவது?

ஒரு எச்சரிக்கை. கண்டக்டரும் டிராஃபிக் போலீஸும் ஊதும், உள்ளே பட்டாணி உருளும் விசிலை வாங்காதீர்கள். இரவில் தெருவில் கூர்க்கா ஊதுவதும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான். நாள் முழுக்கக் காதில் விழுந்தும் ஒன்றும் நடக்காத சத்தத்தை நாய் மதிக்காது. தவிர, எச்சிலும் தூசியும் சேர்ந்து அந்தப் பட்டாணி சிக்கிக்கொண்டால், அவசரத்தில் காற்று மட்டும்தான் வரும்.

கன் டாக் பயிற்சிக்கென்றே பட்டாணி இல்லாத சிறிய பிளாஸ்டிக் விசில்கள் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஜோசப் ஹட்சன் தொடங்கிய நிறுவனத்தின் 'ஆக்மி' விசில்கள் இதில் பிரபலம். கால்பந்து நடுவர்கள் ஊதும் 'தண்டரர்' விசிலைக் கொண்டுவந்ததும் இதே நிறுவனம்தான். இவர்களின் நாய் விசில்களில் 210.5, 211.5 என்று எண் இருக்கும். எண் என்பது சுருதி. ஒரே எண் விசில்கள் ஒரே சுருதியில் ஒலிக்கும். தொலைந்துபோனால் அதே எண்ணில் இன்னொன்று வாங்கினால் போதும், நாய்க்குப் பாடத்தை முதலிலிருந்து நடத்த வேண்டியதில்லை. வேறு நிறுவனத்தின் விசிலாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே மாதிரி இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மனிதக் காதுக்குக் கேட்காத 'சைலன்ட் விசில்' வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். மனிதருக்கு அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்குச் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இந்த வித்தியாசத்தைச் சோதிக்க, பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1876-ல் ஒரு விசிலை உருவாக்கினார். அதைக் கைத்தடியின் நுனியில் பொருத்திக்கொண்டு, உயிரியல் பூங்காவிலும் தெருவிலும் விலங்குகளின் காதருகே ஊதிப் பார்த்தார். சைலன்ட் விசிலுக்கு முன்னோடி அதுதான். ஆனால், பாடம் நடத்த அது தேவையில்லை. நாம் ஊதியது சரியாக வந்ததா என்று நமக்கே கேட்காத விசிலால், தவறு நாயிடமா நம்மிடமா என்று தெரியாமல் போய்விடும்.

சாப்பாட்டுத் தட்டில் தொடங்கும் பாடம்

இந்தியச் சட்ட விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைவான நாய்க்குட்டியை விற்கக் கூடாது. குட்டி வீட்டுக்கு வந்து, இடம் பழகி, பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கத் தொடங்கியதும் முதல் பாடத்தை ஆரம்பிக்கலாம். அது சாப்பாட்டு நேரத்தில்.

தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். குட்டி அண்ணாந்து பார்க்கும். பின்பக்கம் தானாகத் தரையில் இறங்கும். உட்கார்ந்ததும் 'சிட்' என்று சொல்லி, தட்டை வையுங்கள். இரண்டு வேளை சாப்பாடு என்றால் இரண்டு பாடம். சில நாளில் 'சிட்' என்று சொன்ன உடனே உட்காரும். கூடவே உள்ளங்கையைக் காட்டி ஒரு கையை உயர்த்துங்கள். தூரத்தில் இருக்கும்போது நம் முகத்தைவிட உயர்த்திய கைதான் அதற்குத் தெளிவாகத் தெரியும்.

அடுத்து விசில். இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். 'சிட்' என்று சொல்லிவிட்டு விசில் ஊதக் கூடாது. முதலில் விசில், ஒரு நொடி இடைவெளி, பிறகு 'சிட்', பிறகு சாப்பாடு. தெரியாத சத்தம் முன்னால் வர வேண்டும், தெரிந்த சொல் பின்னால் வர வேண்டும். அப்போதுதான் 'இந்தச் சத்தம் வந்தால் அடுத்து அந்தச் சொல் வரும்' என்று குட்டி முந்திக்கொள்ளும். ஒருநாள் நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே விசிலுக்கு உட்கார்ந்துவிடும். அன்றிலிருந்து சொல் தேவையில்லை.

பாடம் ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். குட்டி இன்னும் ஆசையோடு இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். குக்கர் விசில் மாதிரி எண்ணிக்கை வைத்து ஊத வேண்டிய வேலையும் இல்லை. ஒன்று. நீளமாக, ஒரே சீராக, ஒன்றே ஒன்று.

வாசலைத் தாண்டி...

வீட்டுக்குள் நன்றாகப் பழகிய பிறகு, லீஷோடு நடக்கும்போது ஊதுங்கள். நீங்களும் நில்லுங்கள், குட்டியும் உட்காரட்டும். அடுத்த கட்டம், அது உட்கார்ந்த பிறகு நீங்கள் மட்டும் இரண்டடி முன்னால் போய்விட்டுத் திரும்பி வருவது. பிறகு ஐந்தடி, பத்தடி. அவசரம் வேண்டாம்.

ஐந்தாறு மாதம் ஆனதும் பத்து மீட்டர் நீளக் கயிறு ஒன்றைக் கட்டி, வேலி உள்ள காலி மனைக்கோ மைதானத்துக்கோ கூட்டிப் போகலாம். கழுத்துப் பட்டையில் கட்டினால் திடீர் இழுப்பில் கழுத்து வலிக்கும். மார்பைச் சுற்றி மாட்டும் பெல்ட்டில் கட்டுவது நல்லது. குட்டி மெதுவாக மோப்பம் பிடித்துக்கொண்டு நடக்கும்போது ஒரு விசில். உட்கார்ந்து திரும்பிப் பார்த்ததா? பரிசு கொடுக்க வேண்டிய நேரம்.

பரிசை எங்கே கொடுக்கிறோம் என்பதுதான் இந்தப் பாடத்தின் நுட்பம். உட்கார்ந்த நாயைக் கையைத் தட்டிக் கூப்பிட்டு பிஸ்கட் கொடுத்தால், விசில் என்றால் 'நின்றுவிட்டு ஓடி வா' என்று புரிந்துகொள்ளும். நாளாக நாளாக நிற்பது குறைந்து, நம்மை நோக்கி நகர்வது கூடும். நெடுஞ்சாலையில் இதுதான் ஆபத்து. அதனால், நாம்தான் நாயிடம் நடந்து போக வேண்டும். அல்லது, அதன் தலைக்கு மேலாகப் பந்தை எறிந்து, அதற்குப் பின்னால் விழச் செய்ய வேண்டும். 'நின்றால் நல்லது பின்னாலிருந்து வரும்' என்று தெரிந்த நாய் ஓரடிகூட முன்னால் நகராது.

திரும்பி ஓடி வரும் நாயைப் பாதி வழியில் விசில் ஊதி நிறுத்திப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அடிக்கடி செய்யாதீர்கள். 'எப்படியும் நடுவில் நிறுத்தப்போகிறார்கள்' என்று அது தயங்கித் தயங்கி வர ஆரம்பிக்கும். ஒரு பாடத்தைச் சொல்லிக் கொடுக்கப்போய் இன்னொரு பாடம் கெட்டுவிடும்.

மயிலும் முயலும் வரும்போது...

அமைதியான மைதானத்தில் நிற்கும் நாய், ஆட்டுக்குட்டி துள்ளும்போதும் நிற்குமா? உடனே நிற்காது. துரத்துவது நாய்க்குப் பரிசுக்காகச் செய்யும் வேலை அல்ல, துரத்துவதே பரிசு. அந்த நேரத்தில் நம் கையில் இருக்கும் பிஸ்கட்டை அது பொருட்படுத்தாது.

அதனால் ஏணிப்படி மாதிரி ஏற வேண்டும். முதலில் தரையில் மெதுவாக உருட்டிய பந்து. பிறகு வேகமாக எறிந்த பந்து. பிறகு தூரத்தில் மேயும் கோழி. பிறகு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில். எல்லாமே கயிற்றோடுதான். ஒவ்வொரு முறையும் நின்றதற்குப் பரிசாக ஓட்டமே கிடைக்கட்டும். நின்றால், பந்தைத் துரத்திப் போக அனுமதி. ஆசைப்பட்ட ஒன்றைச் செய்ய விடுவதே, ஆசைப்படாத ஒன்றைச் செய்ததற்கான கூலி. பாகற்காய் சாப்பிட்டால் பாயசம் என்று குழந்தையிடம் அம்மாக்கள் பேசும் அதே பேரம்தான். டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளரின் பெயரில் இதற்கு ஒரு விதியே இருக்கிறது.

ஒருமுறை ஊதி நாய் நிற்கவில்லை என்றால்? மறுபடி மறுபடி ஊதாதீர்கள். ஐந்தாவது விசிலுக்கு நின்றால் போதும் என்று அது கற்றுக்கொள்ளும். கயிற்றைப் பிடித்து, கோபப்படாமல் நடந்து போய், எந்த இடத்தில் நின்றிருக்க வேண்டுமோ அதே இடத்துக்குக் கூட்டி வந்து உட்கார வையுங்கள். அடுத்த முறை பாடத்தை ஒரு படி எளிதாக்குங்கள். அடிக்கவே கூடாது. விசிலுக்குப் பின்னால் அடி வரும் என்று தெரிந்த நாய், விசில் கேட்டதும் எட்டாத தூரத்துக்குப் போகத்தான் பார்க்கும்.

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை, நேற்று வரை கேட்டதை இன்று கேட்காத பருவம் ஒன்று வரும். வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பழைய எளிய பாடத்துக்குத் திரும்புங்கள். கயிறு மறுபடியும் கட்டப்படட்டும். கடந்துபோகும்.

நாட்டு நாய்க்கு இது சரிப்படுமா?

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இவை கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய்கள். மனிதனின் உத்தரவுக்குக் காத்திராமல், தானே முடிவெடுத்துப் பாயும் ஓட்டத்துக்காகவே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. முயலைக் கண்டு பாய்ந்துவிட்ட சிப்பிப்பாறைக்கு விசில் கேட்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது பிடிவாதம் அல்ல, பிறவிக் குணம். வீட்டிலும் தெருவிலும் விசில் பாடம் அதற்கும் வரும். ஆனால் வேலி இல்லாத இடத்தில் கயிறு இல்லாமல் விட வேண்டாம்.

நாயும் இந்த மண்ணும் பழகிய கதை பழையது. பக்கத்து திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்பதும், இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் காத்து நின்றது என்பதும் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் எழுதி வைத்த ஊர்க்காரர்கள் நாம்.

இந்தக் காடுகளைப் பற்றி நிறைய எழுதிய பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன். ஜவளகிரி, கும்மளாபுரம் என்று இந்தப் பகுதி ஊர்கள் அவருடைய 1954-ம் ஆண்டுப் புத்தகத்தில் வருகின்றன. ஆட்கொல்லிச் சிறுத்தையைத் தேடிப் போன இடத்தில், ஊர் நாய் ஒன்று அதன் வருகையை முன்கூட்டியே உணர்ந்து எச்சரித்ததையும், பிறகு அந்த நாய்க்கு 'நிப்பர்' என்று பெயரிட்டுத் தன்னோடு வளர்த்ததையும் சொல்லியிருக்கிறார்.

நின்றதால் பிழைத்தவர்கள்

இப்போது இந்தியாவில் கன் டாக் இனங்கள் துப்பாக்கியோடு போவதில்லை, சீருடையோடு போகின்றன. வெடிபொருள் தேடும் நாய்க்குச் சொல்லிக் கொடுக்கும் முக்கியமான பாடம், வாசனை கிடைத்ததும் கிளறாமல், கவ்வாமல், அப்படியே அமைதியாக உட்கார்ந்துவிடுவது. ஓரடி கூடுதலாக வைத்தால் நாயும் இல்லை, கூடப் போனவரும் இல்லை.

1993 மும்பை குண்டுவெடிப்புகளின்போது மும்பை போலீஸில் இருந்த 'ஜஞ்சீர்' ஒரு லேப்ரடார். 3,300 கிலோவுக்கும் அதிகமான ஆர்.டி.எக்ஸ் வெடிமருந்தைக் கண்டுபிடிக்க உதவிய நாய். 2000-ம் ஆண்டு இறந்தபோது போலீஸ் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஓசூருக்கு அந்தப் பக்கம், பெங்களூரை ஒட்டிய தரளுவில் சி.ஆர்.பி.எஃப் படையின் நாய் இனப்பெருக்க, பயிற்சிப் பள்ளி 2011-லிருந்து இயங்குகிறது. புதைத்து வைத்த கண்ணிவெடிகளைத் தேடும் நாய்கள் அங்கே தயாராகின்றன. இனம் வேறு, வேலை வேறு. ஆனால், பாய்ச்சலை அடக்கி நிற்கத் தெரிவதுதான் அங்கேயும் அடிப்படை.

வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

1. விசில் விளையாட்டுச் சாமான் அல்ல. பிள்ளைகள் சும்மா ஊதிப் பார்க்கக் கூடாது. சாவி மாட்டும் இடத்தில் அதையும் மாட்டி வையுங்கள்.

2. நீளமாக ஒன்று என்றால் 'நில்'. சின்னதாகப் பல என்றால் 'வா'. தாத்தா முதல் பேத்தி வரை எல்லோரும் இதே கணக்குதான்.

3. நிற்கும் என்ற நம்பிக்கை இருக்கும்போது மட்டும் ஊதுங்கள். தோற்கும் என்று தெரிந்த இடத்தில் ஊதிப் பழக்கினால், தோற்கவே பழகும்.

4. பரிசு நாய் உட்கார்ந்த இடத்துக்குப் போகட்டும்; பரிசுக்காக நாய் வர வேண்டாம்.

5. வெயில் ஏறிய பிறகு பாடம் வேண்டாம். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையைச் சில நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால், உட்காரும் நாய்க்கும் சுடும்.

6. நன்றாகக் கற்றுக்கொண்ட பிறகும் வாரத்தில் சில நாளாவது பயிற்சி தொடரட்டும். அவ்வப்போது பரிசும் தொடரட்டும்.

7. யானை நடமாட்டம் என்று வனத்துறை எச்சரித்திருக்கும் நாள்களில் காட்டோரமாக நாயைக் கூட்டிப் போகவே வேண்டாம். அங்கே விசிலை நம்பாதீர்கள்.

கடைசி வரி முக்கியமானது. ஸ்டாப் விசில் லீஷுக்கு மாற்று அல்ல. சாலையோரத்தில், ஏரிக்கரையில், காட்டோரத்தில் எவ்வளவு நன்றாகப் பழகிய நாயும் கயிற்றில்தான் இருக்க வேண்டும். கயிறு அறுந்தால், கொக்கி கழன்றால், கை நழுவினால் என்ன செய்வது என்பதற்கான பதில்தான் விசில். மாதக்கணக்கில் தினமும் ஐந்து நிமிடம் சொல்லிக் கொடுத்த பாடம், ஆயுளில் ஒரே ஒருமுறை தேவைப்படலாம். தேவைப்படாமலே போனால் இன்னும் சந்தோஷம்.

அந்த ஒருமுறை வந்தால், எதிர்ப்பக்கம் நிற்கும் குட்டியைப் பார்த்துக் கத்தாதீர்கள். கழுத்தில் தொங்கும் விசிலை எடுங்கள். நீளமாக ஒன்று. குட்டி உட்காரும், உங்கள் முகத்தைப் பார்க்கும். லாரி போகட்டும். பிறகு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நீங்கள் நடந்து போங்கள்.